கட்டில் 78க்கு 72

இவ்ளோ தான் எழுதி குடுத்தேன். பழைய கரண்ட் பில்லோட பின்பக்கம், பால்பாயிண்ட் பேனாவுல, "கட்டில் 78க்கு 72, தேக்கு, தலைமாட்டுல சாய்வு வேணும்". ஆசாரி அண்ணன் வாங்கி மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. மெத்தை கடையில கிங் சைஸ்னு சொல்றது 78 இன்ச் நீளம் 72 இன்ச் அகலம், அதனால அதையே எழுதினேன், எனக்கு அதுல சந்தேகமே வரல.

கட்டில் வந்துச்சு, பாக்க ராஜா கணக்கா இருந்துச்சு, அடுத்த நாள் மெத்தை வந்துச்சு. ரெண்டு பசங்க தூக்கிட்டு வந்து கட்டில் மேல போட்டாங்க, இறங்கவே இல்ல. இந்த கட்டில்ல மெத்தை சுத்தி இருக்கற சட்டத்துக்குள்ள உக்காரணும், சட்டம் ஒண்ணரை இன்ச் கனம், ஆசாரி அண்ணன் நான் குடுத்த 78க்கு 72வ வெளியளவா எடுத்துக்கிட்டாரு, அப்போ உள்ள மிச்சம் 75க்கு 69. பசங்க ஒரு பக்கத்த அமுக்கினா இன்னொரு பக்கம் எழும்புது, ரெண்டு பக்கமும் அமுக்கினா நடுவுல ஆப்பம் மாதிரி உப்பிக்கிட்டு நிக்குது. எங்க வீட்டுக்காரர் அது மேல ஏறி படுத்துப் பாத்துட்டு "பரவால்ல, நல்லா தானே இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே என் பக்கமா உருண்டு வந்தாரு.

போன் போட்டு கேட்டா ஆசாரி அண்ணன் ரொம்ப நிதானமா ஒரு பதில் சொன்னாரு. "நீங்க கட்டிலுக்குத் தானேம்மா அளவு குடுத்தீங்க, மெத்தைக்குக் குடுக்கலியே." இதுக்கு மேல என்ன சண்டை போடறது. மெத்தைய திருப்பி அனுப்பிட்டு 75க்கு 69ன்னு ஒண்ணு தனியா சொல்லி செஞ்சு வாங்கினோம், சொல்லி செய்யற மெத்தைக்கு ரிட்டர்ன் கிடையாது, ரெண்டு வாரம் தரையில படுத்தோம். இந்த மெத்தை போச்சுன்னா அடுத்ததும் இதே கூத்து தான், இந்த கட்டில் இருக்கற வரைக்கும் நான் கடையில போயி ரெடியா இருக்கற மெத்தைய தூக்கிட்டு வர முடியாது.

இத ஏன் இவ்ளோ விலாவாரியா சொல்றேன்னா, வீடு மாறினதுலேர்ந்து சொந்தக்காரங்க ஃப்ரெண்ட்ஸ்னு நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க, "ஷோரூம்ல ஆர்டர் குடுக்கறதா, ஆசாரிய வச்சு செய்றதா, எது நல்லது"ன்னு. நான் ஒரே வருஷத்துல ரெண்டுத்தையும் பண்ணிப் பாத்துட்டேன், சோஃபா கடையில ஆர்டர் குடுத்தது, கட்டிலும் சாப்பாட்டு மேஜையும் ஆசாரி, பீரோ மாதிரி சுவத்துல அடிக்கற வார்ட்ரோப் ஃபேக்டரி. எல்லாத்துலயும் ஒவ்வொரு மாதிரி அடி வாங்கிருக்கேன்.

முதல்ல, நிறைய பேர் ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்கறாங்க. கடையில "கஸ்டமைஸ்டு மேடம்"னு சொல்றது முக்கால்வாசி மேட் டு ஆர்டர் தான். மாடல் அவங்களோடது, ஏற்கனவே நூறு பேருக்கு செஞ்சு குடுத்தது, நீங்க துணி, கலர், பாலிஷ், அதிகபட்சம் நீளம் இத மட்டும் மாத்திக்கலாம், அதுக்கப்புறம் செய்ய ஆரம்பிப்பாங்க. ஃபுல் கஸ்டம்ங்கிறது வெறும் பேப்பர்லேர்ந்து ஆரம்பிக்கறது. அங்க எதுவும் முடிவாகி இருக்காது, நீங்க சொல்லாத ஒவ்வொரு விஷயத்தையும் வேற யாரோ ஒருத்தர் முடிவு பண்ணுவாரு, அவரும் தப்பா பண்ண மாட்டாரு, அவருக்கு வழக்கமான மாதிரி பண்ணுவாரு. என் கட்டில் மாதிரி.

சோஃபா கதைக்கு வரேன். கடையில துணி சாம்பிள் புக் ஒண்ணு குடுத்தாங்க, கல்யாண ஆல்பம் சைஸ்ல, அரை மணி நேரம் பொரட்டினோம். மூணு பேர் உக்கார்ற சோஃபா அவங்ககிட்ட ஆறரை அடி, எங்க சுவருக்கு ஏழே கால் வேணும்னோம், சரின்னாங்க. ஃபோம் 32 டென்சிட்டியா 40ஆன்னு கேட்டாங்க. டென்சிட்டின்னா ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோங்கிற கணக்கு, அது மெத்துன்னு இருக்குமா கட்டியா இருக்குமாங்கிறது இல்ல, ரொம்ப பேர் இதுல குழம்பிக்கறாங்க, 40ல மெதுவானதும் இருக்கு கட்டியானதும் இருக்கு, ஆனா டென்சிட்டி கம்மியா இருந்தா சீக்கிரம் குழி விழும். நாங்க 40 போட்டோம். எல்லாம் சரின்னு அத்தைய உக்கார வச்சுப் பாத்தா அவங்க கால் தரையில படல. அத்தை நாலு அடி பத்து இன்ச், சோஃபா சீட் ஆழம் 24 இன்ச், முதுக சாய்ச்சா கால் தொங்குது, கால ஊன்னா முதுகு சாயல. மூணு இன்ச் ஆழத்த குறைச்சு தர முடியுமான்னு கேட்டேன், அது வரைக்கும் எல்லாத்துக்கும் "பண்ணிக்கலாம் மேடம்" சொல்லிட்டு இருந்த தம்பி முதல் தடவையா "அது ஃப்ரேம் மேடம், மாத்த முடியாது"ன்னாரு.

இப்ப நான் எந்த கடைக்குப் போனாலும் எதை மாத்தலாம்னு கேக்கறதே இல்ல, எதை மாத்த முடியாதுன்னு தான் முதல்ல கேக்கறேன், அதுல நமக்கு வேண்டியது எதுவும் இல்லன்னா கண்ண மூடிட்டு ஆர்டர் குடுத்துடலாம். சோஃபாவ நாங்க வாங்கத் தான் செஞ்சோம், அத்தைக்கு முதுகுக்கு ஒரு தலகாணி. ஏன்னா ஒரு பெரிய விஷயம் இருந்துச்சு, அதுல உக்காந்து பாத்துட்டு வாங்கறோம். ஆசாரி செய்யப் போற சோஃபாவுல உலகத்துல யாரும் இதுக்கு முன்னாடி உக்காந்தது கிடையாது, அது எப்படி இருக்கும்னு அவருக்கும் தெரியாது நமக்கும் தெரியாது. குஷன் வேலைய பொறுத்தவரைக்கும் நான் ஆசாரி பக்கமே போக மாட்டேன்.

21 நாள்னு சொன்னது 40 நாள் ஆச்சு, அது கடை வழக்கம் போல, விடுங்க. வந்த அன்னிக்கு லிஃப்ட்ல நுழையல. படிக்கட்டு திருப்பத்துல மாட்டிக்கிட்டு, அந்த வீட்டு அங்கிள் கதவத் திறக்க முடியாம உள்ளேர்ந்தே சத்தம் போட, கடைசியா கால் நாலையும் திருகி கழட்டினப்புறம் தான் திரும்புச்சு. ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி வீட்டு வாசல் அளவ மட்டும் எடுக்காதீங்க, லிஃப்ட் உள்பக்கம், படிக்கட்டு திருப்பம் ரெண்டையும் எடுங்க. கட்டில்ல இந்த தொல்லையே இல்ல, துண்டு துண்டா வந்துச்சு, ரூம்லயே வச்சு போல்ட் போட்டு முடுக்கினாரு.

இனி மேஜை. இத தான் எழுதணும்னு உக்காந்தேன், கட்டில் குறுக்க வந்துடுச்சு.

அத்தைக்கு முட்டி வலி, தரையில உக்கார முடியாது, காய் நறுக்கறது கீரை ஆயறது எல்லாம் சாப்பாட்டு மேஜையில தான். கடை மேஜை எல்லாம் 30 இன்ச் உயரம், அந்த உயரத்துல அவங்க வெங்காயம் நறுக்கினா தோள்பட்டை ரெண்டும் காதுகிட்ட ஏறி நிக்கும். எங்க வீட்டுக்காரர் ஆறு அடி. ரெண்டு பேருக்கும் ஒரே மேஜை. இத எந்த ஷோரூம்ல போயி சொல்றது. அதே ஆசாரி அண்ணனத் தான் கூப்பிட்டேன், கட்டில் விஷயத்துல அவர் மேல கோவமெல்லாம் இல்ல, அவரு தென்காசி பக்கம், எங்க அப்பா ஊர்க்காரர், வேலை சுத்தம்.

அவரு வந்து டேப்பே எடுக்கல. மாடியில கிடந்த செங்கல்ல கொஞ்சம் எடுத்துட்டு வரச் சொன்னாரு, ஹால்ல நாலு மூலைக்கும் அடுக்கி மேல ஒரு ப்ளைவுட் துண்டப் போட்டாரு, "இப்போ எல்லாரும் உக்காந்து சாப்பிடுங்க"ன்னாரு. நிஜமா தாங்க, அன்னிக்கு காலையில நாங்க செங்கல் மேஜையில இட்லி சாப்பிட்டோம். அத்தை அருவாமனை வேண்டாம் கத்தியே போதும்னு ரெண்டு கத்திரிக்கா நறுக்கிப் பாத்தாங்க. ஒரு வரிசை எடுத்தா இவருக்கு முட்டி இடிக்குது, வச்சா அவங்களுக்கு தோள் ஏறுது. செங்கல்ல எடுத்துட்டு அட்டை, மரத்துண்டுன்னு மாத்தி மாத்தி வச்சு கடைசியில 29 இன்ச்ல நின்னுச்சு, நாற்காலி 17. அதுக்கப்புறம் தான் கணக்கு: 29ல மேல் பலகை ஒரு இன்ச், அதுக்குக் கீழ சுத்தி வர்ற சட்டம் நாலு இன்ச், மிச்சம் 24, அதுல நாற்காலி 17 போனா தொடைக்கு இருக்கறது 7 இன்ச் தான். சட்டத்த ரெண்டு இன்ச்சா குறைச்சுடலாமான்னு கேட்டேன், "ஆடும்மா, வருஷம் திரும்பறதுக்குள்ள ஊஞ்சல் ஆயிடும்"னாரு. காலுல துளை எடுத்து சட்டத்தோட நாக்க உள்ள இறக்கி தான் மேஜை நிக்குது, நாக்கு அகலமா இருந்தா தான் பிடிப்பு. அத்தைக்கு கால் வச்சுக்க கீழ ஒரு குறுக்குக் கட்டை, அது அவரே சேத்தது, நான் கேக்கவே இல்ல.

மரம் வாங்கப் போனது தனி கதை. எங்க அப்பா செங்கோட்டையிலேர்ந்து எடுத்து லாரியில போட்டு விடறேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு, அங்க மர மில்லு நிறைய, ஆனா ஒரு மேஜைக்கு லாரியா. இங்கயே ஒரு மரக்கடைக்குப் போனோம். தேக்க கன அடியில தான் விப்பாங்க. அகலம் இன்ச்ல, கனம் இன்ச்ல, நீளம் அடியில, மூணையும் பெருக்கி 144ஆல வகுத்தா கன அடி, இந்த ஒரு கணக்கு தெரிஞ்சா போதும் கடையில நம்மள கொஞ்சம் மரியாதையா பாப்பாங்க. நான் வீட்லயே போட்டு வச்சிருந்தேன்: மேல் பலகை 36 இன்ச், ஒரு இன்ச் கனம், 5 அடி, அது ஒண்ணே கால். கால் ஒண்ணு 3க்கு 3, ரெண்டரை அடி, நாலு காலும் சேத்து அரைக்கு கொஞ்சம் மேல. சட்டம் அரைக்கு கொஞ்சம் கீழ. ஆக மொத்தம் ரெண்டே கால் கன அடி. ஆசாரி அண்ணன் மூணரை வேணும்னாரு. ஆகா மாட்டினாருன்னு நினைச்சு என் பேப்பர நீட்டினேன்.

அவரு சிரிச்சுட்டு ஒரு பலகைய இழுத்து காட்டினாரு. அறுத்த பலகை ஒரு இன்ச்னு வாங்கினா ரெண்டு பக்கமும் இழைச்சு முடிக்கறப்போ முக்கால் தான் மிஞ்சும், ஒரு இன்ச் வேணும்னா ஒண்ணே கால் வாங்கணும். ஓரத்துல வெள்ளையா ஒரு பட்டை ஓடுது பாருங்க, அத வெட்டித் தள்ளணும், வண்டு முதல்ல அங்க தான் இறங்கும், மாவு மாவா கொட்டும். நுனியில வெடிப்பு இருக்கு, அதுல நாலு இன்ச் போச்சு. "இதெல்லாம் உங்க பேப்பர்ல இல்லியேம்மா." கடைக்காரர் கேட்ட ரெண்டு பேருக்கும் கேக்காத மூணு பேருக்கும் "நிலம்பூர் தேக்கு சார்"னு சொல்லிட்டு இருந்தாரு. நிலம்பூர்ல 1840கள்ல மலபார் கலெக்டரா இருந்த கனோலி காலத்துல நட ஆரம்பிச்ச தேக்குத் தோட்டம் இருக்கறது வாஸ்தவம், அதோட பேருக்கு மவுசு உண்டு, ஆனா சென்னையில விக்கற தேக்கு எல்லாம் அங்கேர்ந்து வருதுன்னா நிலம்பூர் இன்னிக்கு மொட்டைக் காடா தான் இருக்கணும். ஆப்பிரிக்காவுலேர்ந்து வர்ற தேக்கும் கடையில நிறைய இருக்கு. ஆசாரி அண்ணன் பேரெல்லாம் கேக்கல, பலகையோட வெட்டு முனையப் பாத்தாரு, தூக்கிப் பாத்தாரு, நகத்தால அழுத்திப் பாத்தாரு, மூணு பலகைய ஒதுக்கினாரு.

மேல் பலகைய பொருத்தறப்போ இன்னொண்ணு கவனிச்சேன். ஸ்க்ரூ போடற ஓட்டைய உருண்டையா போடாம நீளவாக்குல போட்டாரு. ஏண்ணே ஆடாதான்னேன். "மரம் குறுக்க நடக்கும்மா, மழைக்கு விரியும் வெயிலுக்கு சுருங்கும், நீளத்துல நடக்காது. இறுக்கிக் கட்டிட்டா வெடிச்சுடும்." நடக்கும்ங்கிற வார்த்தை எனக்கு ரொம்ப பிடிச்சுப் போச்சு. நவம்பர் மழையில கட்டிலுக்கு அடியில இருக்கற ட்ராயர் திறக்கவே மாட்டேன்னுச்சு, வந்து கொஞ்சம் இழைச்சு குடுங்கன்னு போன் பண்ணா வர மாட்டேன்னுட்டாரு. இப்ப இழைச்சா சித்திரையில லொட லொடன்னு ஆயிடும், தை வரைக்கும் பொறுங்கன்னாரு. பொறுத்தோம், பொங்கலுக்கு அப்புறம் தானா திறந்துச்சு. அந்த ட்ராயர்ல தான் எல்லாரோட ஸ்வெட்டரும் இருந்துச்சு, சென்னையில அதுக்கு ஒண்ணும் அவசரம் இல்லன்னு வைங்க.

வார்ட்ரோப்புக்கு மட்டும் ஃபேக்டரி. இதுக்கு காரணம் சத்தம், தூசி, எங்க அசோசியேஷன் ரூல்ஸ், ஞாயித்துக்கிழமை ஆணி அடிக்கக் கூடாது மத்தியானம் மெஷின் ஓட்டக் கூடாது, அப்புறம் எப்ப தான் வேலை செய்றது. ப்ளைவுட் ஓரத்துல ஒட்டற பட்டைய மெஷின்ல சூடா ஒட்டி அனுப்பறாங்க, கையில ஃபெவிகால் தடவி ஒட்டறத விட அது சுத்தம், ஒத்துக்கணும். ஆனா அவங்க மரத்தூள பசை போட்டு அமுக்கின பார்ட்டிக்கிள் போர்டுல போட்டுட்டு ப்ளைவுட்னு சொல்லிடப் போறாங்கன்னு கொட்டேஷன்ல எழுதி வாங்கினேன். ப்ளைவுட்டுக்கான இந்தியத் தர நம்பர்ல, ஐஎஸ் 303ன்னா சாதாரண உபயோகம், ஐஎஸ் 710ன்னா தண்ணி தாங்கற மரைன், கிச்சன் சிங்குக்கு கீழ 710, பெட்ரூமுக்கு 303 போதும், பெட்ரூமுக்கும் 710 போடுங்கன்னு தலையில கட்டப் பாப்பாங்க. கதவு கீல், கைப்பிடி, லேமினேட் இதெல்லாம் சைடன்ஹாம்ஸ் ரோட்டுக்குப் போயி ஒரு நாள் சுத்திப் பாத்துட்டு அப்புறம் பேசினா நமக்கே ஒரு தைரியம் வரும்.

அதுல நடந்த கூத்து சுவர். அளவெடுக்க வந்த பையன் கீழ மட்டும் அளந்துட்டுப் போனான், ஏழு அடி ஒரு இன்ச். மேல ஏழு அடி ரெண்டேகால் இன்ச். நம்ம ஊரு சுவர் எது நேரா இருக்கு. வந்து நிறுத்தினா மேல ஒரு விரல் இடைவெளி, பல்லிக்கு பங்களா. ஒரு பட்டை வச்சு மறைச்சாங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். ஆசாரியா இருந்தா சுவரோட கோணலயே பலகையில வரைஞ்சு இழைச்சு ஒட்ட வச்சிருப்பாரு. மேல நடுவுல கீழன்னு மூணு இடத்துல அளக்கச் சொல்லுங்க.

காசு விஷயம் எல்லாரும் முதல்ல கேக்கறாங்க, எனக்கு அதுல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. கடையில ஜிஎஸ்டி 18 சதவீதம் போட்டு பில், வாரண்டி கார்டு, போன் எடுக்க ஒரு ஆள். ஆசாரிகிட்ட மரக் காசு, கூலி, பாலிஷ் காசு, டீ காசு, எல்லாம் கூட்டிப் பாத்தா மேஜை கடையில வாங்கறத விட கூடத் தான் ஆச்சு. ஆசாரின்னா மலிவுன்னு நினைச்சு இறங்காதீங்க. அட்வான்ஸ மட்டும் மரத்துக்கு ஒரு தடவை, பாலிஷுக்கு முன்னாடி ஒரு தடவைன்னு பிரிச்சுக் குடுங்க, பாலிஷ் அடிச்சுட்டா பட்டி வச்சு மறைச்சது எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

இப்ப என்னை யாராவது கேட்டா நான் கேக்கறது, அந்த சாமான் எதோட ஒட்டிப் போகணும்னு தான். மெத்தை, ஃப்ரிட்ஜ், டிவி மாதிரி கடையில வாங்கற இன்னொரு பொருளோட ஒட்டணும்னா மேட் டு ஆர்டர், ஊருக்கெல்லாம் ஒரே அளவுல வர்றத நாம ஏன் மாத்தணும், கட்டில நான் கடையில தான் குடுத்திருக்கணும். ஒரு ஆளோட உடம்போடயோ வீட்டு மூலையோடயோ ஒட்டணும்னா ஆசாரி. அத்தை இப்ப அந்த மேஜைய விட்டு எழுந்திரிக்கறதே இல்ல, கீரை ஆயறது, போன் பேசறது, சீரியல் எல்லாம் அங்க தான்.

இவ்ளோ பேசறேன், இன்னும் செருப்பு ஸ்டாண்டு வாங்கல. வாசக் கதவுக்குப் பின்னாடி ஒன்பதரை இன்ச் தான் இருக்கு, கடையில விக்கறது பெரும்பாலும் அதுக்கு மேல ஆழம். கதவு மாதிரி முன்னாடி சாயற மாடல் ஒண்ணு இருக்கு, ஏழு இன்ச்ல முடியுது, செருப்பு உள்ள நின்ன வாக்குல போயிடும். எங்க வீட்டுக்காரர் ஷூ 11 சைஸ், நுழையுமான்னு தெரியல, அதனால போன சனிக்கிழமை ஒத்த ஷூவ துணிக்கடை பையில போட்டு எடுத்துட்டுப் போயி கடையில வச்சே பாத்தேன், அந்த தம்பி என்னை ஒரு மாதிரி பாத்தாரு. மூடி முக்கால்வாசி மூடுச்சு. ஆசாரி அண்ணனுக்கு போன் பண்ணேன், ஊர்ல கோயில் கொடைக்குப் போயிருக்காரு, வெள்ளிக்கிழமை வந்துடறேன்னுருக்காரு. எந்த வெள்ளிக்கிழமைன்னு சொல்லல.